ஒரு நாள் மலையேற்றத்துக்கு 60 லிட்டர் பை எதுக்கு? சின்னப் பை வாங்க ஒரு சி.ஏ. கணக்கு



சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி இறங்கி, திங்கட்கிழமை காலையில ஆபீஸ்ல லாகின் பண்றது இப்போ நிறைய பேருக்குப் பழக்கமாயிடுச்சு. வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி எல்லாம் முன்னாடியே இருந்தது. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை ஆரம்பிச்சு, 14 மாவட்டங்கள்ல 40 பாதைகளை முறைப்படி திறந்ததுக்கு அப்புறம், ஆர்வம் இன்னும் கூடிடுச்சு.

நல்ல விஷயம்தான். ஆனா முதல் ட்ரெக்குக்கு முன்னாடி ஆன்லைன்ல கார்ட் நிரம்புது பாருங்க, அங்கதான் நான் கொஞ்சம் நிறுத்திக் கேக்கிறேன். ஷூ சரியில்லைன்னா கடையிலேயே கால் கடிக்கும், தெரிஞ்சுடும். பை அப்படி இல்ல. கடையில வெறும் பையை மாட்டிப் பார்த்தா எல்லாப் பையும் நல்லாத்தான் இருக்கும். தப்பான பைன்னு தெரியுறது நாலு கிலோமீட்டர் ஏறினதுக்கு அப்புறம். அப்போ திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கழட்டி வைக்கவும் முடியாது.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வேலைதான்: ஒரு நாள் மலையேற்றத்துக்கு எந்த அளவு பை, எவ்வளவு விலையில, எப்போ வாங்கணும்னு கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

முதல்ல பொருள், அப்புறம் பை

பட்ஜெட் போடும்போது செலவை எழுதாம "மாசம் இவ்வளவு தேவைப்படும்"னு குத்துமதிப்பா சொன்னா என்ன ஆகும்? 20-ஆம் தேதி கை கடிக்கும். பையும் அதே மாதிரிதான். உள்ள என்ன போகுதுன்னு எழுதாம லிட்டரை முடிவு பண்ணக்கூடாது.

ஒரு நாள் ட்ரெக்குக்கு ஒருத்தருக்குத் தேவையானது தோராயமா இவ்வளவுதான்:

- தண்ணீர் 2 லிட்டர்: 2,000 கிராம்
- ரெண்டு ஸ்டீல் பாட்டில்: 500 கிராம்
- சாப்பாடு, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்: 600 கிராம்
- மழைக்கோட்டு: 350 கிராம்
- ஸ்வெட்டர்: 400 கிராம்
- தலையில மாட்டுற டார்ச்: 100 கிராம்
- பவர் பேங்க், கேபிள்: 250 கிராம்
- மாத்திரை, பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ்.: 150 கிராம்
- துண்டு, ஒரு ஜோடி சாக்ஸ்: 250 கிராம்

மொத்தம் 4,600 கிராம். அதாவது 4.6 கிலோ. இதுல பாதிக்கு மேல தண்ணியும் பாட்டிலும்தான்.

ஒரு நாள் நடைக்கு, பையோட சேர்த்து உடல் எடையில 10% வரைக்கும் சுமக்கலாம்னு பொதுவா சொல்ற ஒரு அளவு இருக்கு. நீங்க 60 கிலோன்னா 6 கிலோ. 20 லிட்டர் பை ஒண்ணோட வெறும் எடை பெரும்பாலும் 400 முதல் 700 கிராம் வரைக்கும் இருக்கும். 600 கிராம்னு வச்சுக்கிட்டா மொத்தம் 5.2 கிலோ. வரம்புக்குள்ள வந்துடுச்சு.

அதே பொருளை 60 லிட்டர் ட்ரெக்கிங் பையில போடுங்க. அந்தப் பையே காலியா ஒன்றரை முதல் ரெண்டு கிலோ வரும். 1.8 கிலோன்னு எடுத்தா மொத்தம் 6.4 கிலோ. கூடுதலா ஒரு பொருள் கூட வைக்கல, அதுக்குள்ள வரம்பைத் தாண்டியாச்சு.

இது வெறும் சௌகரிய விஷயம் இல்ல. வெள்ளியங்கிரியில மூச்சுத்திணறி உயிர் போன செய்திகளை நாம படிச்சிருக்கோம். உடம்பு தயாரா இல்லாம ஏறுறவங்களுக்கு மலையில ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். இறங்கும்போது முழங்காலைக் கேட்டா அதுவும் இதையேதான் சொல்லும்.

20 லிட்டர்னா எவ்வளவு?

நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் இருக்கே, அது 20 லிட்டர். 60 லிட்டர் பைங்கிறது மூணு தண்ணி கேன். ஒரு நாளைக்கு மூணு கேன் அளவு இடத்துல என்ன வைக்கப்போறீங்க?

மேல சொன்ன பொருள் எல்லாம் சேர்த்து சுமார் 14 லிட்டர் இடம் பிடிக்கும். ஸ்வெட்டரைக் கழட்டி அவசரத்துல திணிக்கிறதுக்கும், வழியில சேர்ற குப்பையைக் கீழ கொண்டு வர்றதுக்கும் கொஞ்சம் இடம் விட்டா 18 முதல் 22 லிட்டர். ஒரு நாளுக்கு இதுதான் சரியான அளவு. காலையில ஏறி மதியத்துக்குள்ள இறங்குற சின்ன மலைன்னா 15 லிட்டரே போதும்.

"பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகுமே, லிட்டருக்கு விலையும் குறைவா வருதே"ன்னு ஒரு கேள்வி வரும். இன்க்ரிமென்ட் வந்தா செலவு தானா ஏறுது இல்லையா? காலி இடமும் அப்படித்தான். இடம் இருந்தா நாம நிரப்புவோம். இன்னொரு டி-ஷர்ட், புளூடூத் ஸ்பீக்கர், நண்பரோட தண்ணி பாட்டில், அவரோட ஜாக்கெட். சின்னப் பையோட பெரிய லாபமே அது "முடியாது"ன்னு சொல்றதுதான்.

அமெரிக்க வேட்டைப் பை நமக்கு எதுக்கு?

இணையத்துல ஒரு நாள் பைன்னு தேடினா வர்ற விமர்சனங்கள்ல நிறைய அமெரிக்க வேட்டைக்காரங்களுக்காக எடுத்தது. அங்க சட்டப்படி லைசென்ஸ் வாங்கி மான் வேட்டைக்குப் போறவங்களுக்கு, துப்பாக்கியையோ வில்லையோ மாட்டுற வார், உரசினாலும் சத்தம் வராத துணி, இறைச்சியைக் கட்டித் தூக்க ஒரு தட்டு எல்லாம் தேவை. அதுக்குத்தான் அவங்க அந்த விலை கொடுக்கிறாங்க.

இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை. அப்போ அந்த வசதிகளுக்கு நாம கொடுக்கிற காசு மொத்தமும் வீண். 'டாக்டிகல்'னு விக்கிற பைகளும் இதே கதைதான். வெளிய வரிசையா தைச்ச பட்டைகள், கனமான துணின்னு காலிப் பையே ஒரு கிலோவைத் தாண்டும்.

ஆனா அந்த வேட்டைக்காரங்ககிட்ட கத்துக்க ஒரு விஷயம் இருக்கு. தெரிஞ்சவங்க என்ன தூக்கணும்னு முதல்ல பட்டியல் போடுவாங்க, அதுக்கு அப்புறம்தான் பையைத் தேடுவாங்க. அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கலாம், அதுக்குக் காசு கிடையாது.

எதுக்குக் காசு கொடுக்கலாம்?

*மார்புப் பட்டை:* ரெண்டு தோள்பட்டையையும் நெஞ்சுக்கு நேரா இணைக்கிற சின்ன கிளிப். வார் சரியாம பிடிச்சுக்கும். ஆபீஸ் லேப்டாப் பைக்கும் இதுக்கும் முக்கிய வித்தியாசமே இதுதான்.

*இடுப்புப் பட்டை:* 5 கிலோ சுமைக்கு மெத்தை வச்ச பெரிய பெல்ட் வேண்டாம். பை குதிக்காம இருக்க ஒரு சாதாரண நாடா போதும்.

*பக்கப் பாக்கெட்:* பையைக் கழட்டாம பாட்டிலை எடுக்க முடியணும். எடுக்க சிரமமா இருந்தா தண்ணி குடிக்கிறதையே தள்ளிப்போடுவோம்.

*ஜிப்பும் தையலும்:* பை கிழியிறது பெரும்பாலும் துணியில இல்ல, வார் உடம்போட சேர்ற தையல்லயும் ஜிப்லயும்தான். அந்த இடத்துல ரெண்டு மூணு முறை குறுக்கும் நெடுக்குமா தைச்சிருக்கான்னு பாருங்க.

*துணி:* 210டி, 420டி, 600டின்னு எழுதியிருப்பாங்க. 'டி'ன்னா டெனியர், அதாவது 9,000 மீட்டர் நூலோட எடை, கிராம் கணக்குல. எண் கூடினா நூல் தடிமன், எடையும் கூடும். ஒரு நாள் நடைக்கு 210 முதல் 420 வரைக்கும் தாராளம்.

'வாட்டர்ப்ரூஃப்'ங்கிற வார்த்தைக்கு மட்டும் அதிகக் காசு கொடுக்காதீங்க. துணி தண்ணியைத் தடுத்தாலும் ஜிப் வழியாவும் தையல் வழியாவும் உள்ள இறங்கும். தனியா ஒரு மழை உறை வாங்கினா வேலை முடிஞ்சது.

ஒரு தடவைக்கு எவ்வளவு?

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். விலையை விலையா பார்க்காதீங்க, ஒரு பயணத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. வருஷத்துக்கு 4 ட்ரெக், 5 வருஷம், மொத்தம் 20 பயணம்னு வைங்க. கீழ இருக்கிற விலைகள் கணக்குக்காக எடுத்துக்கிட்ட உதாரணம்தான்.

- ரூ.800 பை, 6 பயணத்துல வார் அறுந்துடுச்சு: ஒரு தடவைக்கு ரூ.133
- ரூ.2,400 பை, 20 பயணம் வருது: ஒரு தடவைக்கு ரூ.120
- ரூ.9,000 பை, 20 பயணம் வருது: ஒரு தடவைக்கு ரூ.450

மலிவான பை உண்மையில மலிவு இல்ல. விலை கூடின பை 20 பயணத்துல அந்த விலையை நியாயப்படுத்தவும் இல்ல. நடு விலைதான் ஜெயிக்குது.

ஆனா இந்தக் கணக்குல ஒரு பெரிய 'ஒருவேளை' ஒளிஞ்சிருக்கு. நிஜமா 20 தடவை போவீங்களா? ரெண்டே தடவை போயிட்டு நிறுத்திட்டா அதே ரூ.2,400 பை ஒரு தடவைக்கு ரூ.1,200. நாள் வாடகை ரூ.150-க்குக் கிடைச்சா, 16 நாள் வாடகைக்கு எடுத்தாத்தான் அந்தப் பையோட விலைக்குச் சமமாகும்.

அதனால என்னோட விதி இதுதான்: முதல் ரெண்டு ட்ரெக்குக்கு காலேஜ் பையோ, நண்பரோட பையோ, வாடகைப் பையோ போதும். மூணாவதுக்கு டிக்கெட் புக் பண்ணினதுக்கு அப்புறம் சொந்தமா வாங்குங்க. அதுக்குள்ள உங்களுக்கு எது உறுத்துது, எது தேவைன்னு உங்க தோளே சொல்லிடும். மாசம் 600 ரூபா தனியா எடுத்து வச்சா நாலே மாசத்துல ரூ.2,400 கையில இருக்கும், கார்டைத் தொடவே வேண்டாம்.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யோட காஸ்ட்

ரூ.9,000 பையை 6 மாச 'நோ காஸ்ட்' தவணையில, மாசம் ரூ.1,500 கட்டி வாங்குறீங்கன்னு வைங்க. வங்கி 15% வட்டி போட்டா அதுல சுமார் ரூ.381 வட்டி. அதைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுடுவார், சரி. ஆனா அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. சுமார் ரூ.69 உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் ரூ.199-ன்னா ஜி.எஸ்.டி.யோட ரூ.235. மொத்தம் ரூ.300-க்கு மேல. '0% வட்டி'ங்கிற ஒண்ணே கிடையாதுங்கிற நிலைப்பாட்டை 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவா சொல்லிட்டாங்க.

அதே மாதிரி '70% தள்ளுபடி'. எம்.ஆர்.பி.யை முடிவு பண்றது தயாரிக்கிற கம்பெனி. அதை உயர்த்தி வச்சா தள்ளுபடியும் பெருசாத் தெரியும். நீங்க கையில இருந்து கொடுக்கிற தொகையை மட்டும் பாருங்க. எம்.ஆர்.பி.யில எல்லா வரியும் அடக்கம். அதுக்கு மேல வரின்னு கேட்டா கொடுக்க வேண்டியதில்ல, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் பண்ணலாம். வாரன்டிக்கு பில் முக்கியம், போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க.

கடைக்குப் போற அன்னைக்கு

1. முந்தின நாள் பட்டியல் பொருளை எல்லாம் ஒரு துணிப்பையில போட்டு, அதோட எடை மெஷின்ல ஏறுங்க. பை இல்லாம இன்னொரு தடவை ஏறுங்க. வித்தியாசம்தான் உங்க சுமை.
2. உங்க ஸ்டீல் பாட்டில்ல தண்ணி நிரப்பிக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. பக்கப் பாக்கெட்ல நிக்குதா, மாட்டின பைல இருந்து கை எட்டுதான்னு பாருங்க.
3. பையில 4, 5 கிலோ போட்டு மாட்டச் சொல்லிக் கேளுங்க. கடைக்குள்ள 10 நிமிஷம் நடங்க, படி இருந்தா ஏறி இறங்குங்க.
4. குனிஞ்சு ஷூ கயிறு கட்டிப் பாருங்க. பை தலைக்கு மேல சரிஞ்சா அது உங்க முதுகு நீளத்துக்குப் பொருந்தல. வேற பை பாருங்க.
5. அதே பையை ஆபீஸுக்கோ ஜிம்முக்கோ கொண்டு போக முடியுமான்னு யோசிங்க. முடியும்னா ஒரு தடவைக்கான செலவு இன்னும் இறங்கும்.

ரூ.9,000-க்கும் ரூ.2,400-க்கும் நடுவுல இருக்கிற ரூ.6,600-ஐ ஷோகேஸ் பையில பூட்டி வைக்காம, பஸ் டிக்கெட்டுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வச்சுக்கோங்க. இன்னும் சில மலைகளைப் பார்த்துட்டு வரலாம்.

இந்தக் கணக்கை உங்க எடை, உங்க பொருள், உங்க விலை போட்டு எப்படிச் செய்யுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல படிப்படியா காட்டியிருக்கேன். இந்த வார இறுதியில மலைக்குப் போற நண்பர் இருந்தா, பையை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அவருக்கு அனுப்பிடுங்க. அடுத்த கட்டுரையில சந்திப்போம்.