சாமர்செட் மாளிகையும் பிறப்பேடுகளும்

இலண்டன் மாநகரில், தேம்சு நதிக்கரையில் சாமர்செட் மாளிகை என்னும் மாபெரும் கட்டடம் எழிலுற நிற்கின்றது. சாமர்செட் கோமகனாகிய எட்வர்ட் சீமோர் அவ்விடத்தில் தமக்கோர் அரண்மனை கட்டத் தொடங்கினார். அது முற்றுப் பெறும் முன்னரே, 1552-ஆம் ஆண்டில் அவர் மரண தண்டனைக்கு ஆளானார். அரண்மனை அரசுடைமை ஆயிற்று.

காலப்போக்கில் அது பழுதுற்றது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சியில் அதனை இடித்துவிட்டு, 1776-இல் சர் வில்லியம் சேம்பர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் புதிய மாளிகையை எழுப்பலானார். நகரில் சிதறிக் கிடந்த அரசு அலுவலகங்களை ஓரிடத்தில் சேர்ப்பதே நோக்கமாகும். நடுவே அகன்ற முற்றம். சுற்றிலும் வெண்கல் சுவர்களும் தூண்களும். அக்காலத்தில் நதிநீர் சுவரடி வரை வந்தமையால், படகுகள் பெருவளைவு வழியே உள்ளே நுழைந்தன. கடற்படை நிருவாகமும் முத்திரைத்தாள் அலுவலகமும் அங்கே இயங்கின.

1837 ஜூலை முதல் நாளன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கிற்று. அதன் தலைமையகம் இம்மாளிகையிலேயே அமைந்தது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலும் தேவாலய ஏடுகளே சான்றாக இருந்தன. புதிய முறையில் செல்வர் பிள்ளைக்கும் ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரே வகையான பதிவுதான். 1970-களில் அவ்வேடுகள் வேறிடம் சென்றன. வரித்துறையும் 2013-இல் வெளியேறியது. இன்று அங்கே கலைக்கூடங்கள் விளங்குகின்றன.

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே! இச்செய்தி நமக்கும் உரியதே. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் பள்ளியில் சேரவும், பன்னிரண்டாம் வயதில் அடையாள அட்டை பெறவும் இயலாது அல்லலுறும் பிள்ளைகளை நம் சமுதாயத்தில் கண்டு வருகின்றோம். பிள்ளை பிறந்தவுடன் தாமதியாது பதிவு செய்வோம். பெயரின் எழுத்துகளைப் பத்திரம் வாங்கும்போதே சரிபார்ப்போம். கோவிலில் தாலி கட்டியதோடு நில்லாது, திருமணத்தையும் சட்டப்படி பதிவு செய்வோம். நகையைப் பூட்டி வைப்பது போல் பத்திரத்தையும் பாதுகாப்போம்.

பெருமாளிகை கட்ட மன்னரின் செல்வம் வேண்டும். ஏட்டில் நம் பிள்ளையின் பெயரைப் பதிக்க நம் அக்கறை ஒன்றே போதும்.