கோழி வளர்க்கலாமா? பரமக்குடி வீடுகளுக்கு ஒரு கணக்கு

வீட்டுக் கோழி வளர்ப்பு என்பது கொல்லையிலோ வாசலிலோ ஐந்து முதல் பத்து நாட்டுக்கோழிகளை வைத்துக்கொள்வது. நாமக்கல் பண்ணைத் தொழிலுக்கும் இதற்கும் உறவு குறைவு. பண்ணைக்கு முதலீடும் சந்தை விலையும் முக்கியம். வீட்டுக் கோழிக்கு இடம் வேண்டும், பகலில் கவனிக்க ஆள் வேண்டும். கோழி வாங்கும் முன் ஒரு குடும்பம் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

இடம்

பரமக்குடியில் இடத்தின் நிலைமை தெருவுக்குத் தெரு மாறும். எமனேசுவரம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. உள்ளே தறியும் வெளியே பாவும் இருக்கிற இடத்தில் கோழியை அவிழ்த்துவிட முடியாது. நூலில் ஒருமுறை கிளறினாலோ எச்சமிட்டாலோ பல நாள் உழைப்பு வீணாகும். சேவல் விடியுமுன் கூவுவது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். முட்டை மட்டும் போதும் என்றால் சேவல் தேவையில்லை. பெட்டைக்கோழி சேவல் இல்லாமலே முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும்.

ஊரைத் தாண்டினால் வேலியும் வேப்பமர நிழலும் உள்ள வீடுகள் அதிகம். அங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் களத்தில் காயும்போது கோழிகளை அண்டவிடக் கூடாது. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. கூசாமல் கிளறி விதையைக் கொத்தும்.

முட்டைக் கணக்கு

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு உட்காரும். குஞ்சு பொரிய 21 நாள் ஆகும். பொரித்த குஞ்சுகளோடு இரண்டு மாதம் போல மேய்ந்து, அவற்றைப் பிரித்துவிட்ட பிறகே மறுபடி முட்டைக்கு வரும். இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதனால்தான் ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு என்று நின்றுவிடுகிறது. பண்ணையில் கூண்டில் நிற்கும் வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அது அடைக்கு உட்காருவதில்லை. தீவனமும் முழுக்க விலைக்கு வாங்க வேண்டும்.

ஒரு நாட்டுக்கோழிக்கு ஆண்டுக்கு 50 முட்டை என்று வைத்தால் நான்கு கோழிக்கு 200 முட்டை. நான்கு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஆளுக்கு ஒன்று என்பதற்கே இது எட்டாது. அடைக்கு வைத்ததுபோக மிஞ்சுவது இன்னும் குறைவு. ஆகவே நாட்டுக்கோழியின் லாபம் முட்டையில் இல்லை, குஞ்சில் இருக்கிறது. ஓர் அடைக்குப் பத்துக் குஞ்சு பொரித்து அதில் பாதி பிழைத்தால்கூட, மூன்று அடையில் ஒரு தாய்க்கோழி பதினைந்து உருப்படி தரும். ஐந்தாறு மாதத்தில் அவை விற்பனைக்கும் கறிக்கும் தேறும். எத்தனை குஞ்சு தப்புகிறது என்பதே லாபத்தையும் நட்டத்தையும் முடிவுசெய்கிறது.

எந்தக் கோழி

தென்மாவட்ட வீடுகளுக்கு ஏற்றது சிறுவிடை. உடம்பு சிறியது, தீனி குறைவு, அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் கெட்டி. பெருவிடை எடை கூடுதலாக நிற்கும். முட்டை குறைவு, சேவல்கள் ஒன்றோடொன்று சண்டையிடும். கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழி உடல் சூட்டை எளிதில் வெளியேற்றும் என்பதால் இந்தச் சீமையின் வெயிலைத் தாங்கும். முட்டையே முக்கியம் என்பவர்கள் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனங்களைப் பார்க்கலாம். எதுவானாலும் வாரச்சந்தையில் கிடைத்ததைப் பிடித்து வருவதைவிட, தெரிந்த வீட்டில் நோயில்லாத கோழியாகப் பார்த்து வாங்குவது நல்லது. புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

அடையும் குஞ்சும்

அடை வைக்க அகலக் கூடையோ உடைந்த பானையின் அடிப்பாகமோ போதும். பாதிக்கு மணல் நிரப்பி, மேலே வைக்கோல் பரப்பி முட்டையை அடுக்குவார்கள். மணல் சூட்டைச் சீராகப் பிடித்து வைக்கும். இடிக்கு முட்டை கெடாமலிருக்க இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடுவது ஊர் வழக்கம்; அதற்கு அறிவியல் சான்று இல்லை. ஏழாம் நாள் இரவு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் ரத்த நாளங்கள் சிலந்திக்கால் போலப் படர்ந்து தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பது கூமுட்டை, எடுத்துவிடலாம். கோடையில் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டை சரியாகப் பொரிக்காது. கத்திரி வெயிலில் அடை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் இரண்டு மாதம் குஞ்சுக்குப் பகை அதிகம். பகலில் பருந்தும் காகமும் கீரியும், எந்நேரமும் நாயும், இரவில் பாம்பும் காட்டுப்பூனையும் வரும். தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது இதற்காகத்தான். இரவுக் கூட்டை நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைத்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டின் தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும்.

தீனியும் தண்ணீரும்

மேயப் பரப்பு இருந்தால் புழு, பூச்சி, புல், சிந்திய தானியம் என்று கோழி பாதி தீனியைத் தானே தேடிக்கொள்ளும். மீதிக்குக் கம்பு, சோளம், அரிசிக் குருணை, தவிடு போடலாம். பழம்பானையில் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்துச் சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைத்தால், கரையான் உள்ள நிலத்தில் காலைக்குள் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அது செலவில்லாத புரதம்.

தண்ணீர் பெரிய சுமையில்லை. பத்துக் கோழிக்கு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும், கோடையில் கூடும். ஆனால் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குஞ்சுகளுக்கு நல்ல தண்ணீரே வைக்க வேண்டும். கோழிக்கு வியர்க்காது; வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நிழலும் தண்ணீரும் இல்லாத மதியத்தில் சுருண்டு விழுந்துவிடும்.

நோய்

ஒரே வாரத்தில் வளவையே காலிசெய்வது வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி என்பது அடிப்படை முறை. கால்நடை மருந்தகங்களில் விசாரித்து, முகாம் நாளில் எல்லாக் கோழிகளுக்கும் போட வேண்டும். கொசுவால் பரவும் அம்மைக்கும் தடுப்பூசி இருக்கிறது. செத்த கோழியைக் கண்மாயிலோ தெருவிலோ வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். கோழியைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முடிவு

காலையில் திறந்துவிட்டு, பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்து அடைக்க ஒருவர் அன்றாடம் வீட்டில் இருக்க வேண்டும். வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கத்து வீடும் வேண்டும். இவையும் மேயக் கொஞ்சம் இடமும் உள்ள குடும்பம் நான்கு பெட்டை, ஒரு சேவலோடு தொடங்கலாம். ஒரு வருடம் கழித்து, பொரித்த குஞ்சில் பாதிக்கு மேல் தப்பியிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம். எல்லோரும் வேலைக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பத்துக்கு, நாட்டுக்கோழி முட்டையை விலைக்கு வாங்கிச் சாப்பிடுவதே மலிவு.