மருந்து உடம்பு பூரா, வேலை ஓர் இடத்தில்

இருட்டு அறையில் செல்போன் டார்ச் மேல் விரலை வச்சுப் பாருங்க. உள்ளே போவது வெள்ளை வெளிச்சம். விரலைத் தாண்டி வருவது பெரும்பாலும் சிவப்பு. மற்ற நிறங்களை ரத்தம் அதிகமாக உறிஞ்சிவிடுகிறது. ஒளியால் மருந்தை இயக்க நினைப்பவர்கள் சிவப்புப் பக்கம் போவதற்கு இதுதான் காரணம்.

நடைமுறைக்கு வந்த ஓர் உதாரணம் வெர்டிபோர்ஃபின். 2000-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வயதானவர்களுக்கு விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, கசிந்து, பார்வையைக் கெடுக்கும் நோய்க்கானது. மருந்தை நரம்பில் 10 நிமிடம் ஏற்றுவார்கள். அது உடம்பு பூரா சுற்றும். ஏற்ற ஆரம்பித்த 15-ஆவது நிமிடம், அந்தக் குழாய்கள் மேல் மட்டும் 689 நானோமீட்டர் சிவப்பு லேசர், 83 விநாடி. லேசர் சுட்டுப் பொசுக்குகிறது என்று நினைக்க வேண்டாம், அவ்வளவு சூடு அதில் கிடையாது. ஒளியை வாங்கிய மருந்து மூலக்கூறு, அந்தச் சக்தியைப் பக்கத்து ஆக்சிஜனுக்குக் கைமாற்றும். சக்தி ஏறிய ஆக்சிஜன் குழாயின் உட்சுவரைச் சிதைக்க, குழாய் அடைபடும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், எல்லா சர்வரிலும் கோடை ஏற்றிவிட்டு ஒன்றில் மட்டும் ஆன் செய்வது.

ஆனா சூரியனும் ஒரு விளக்குதானே! மருந்து ஏற்றிய பிறகு 5 நாள் தோலிலும் கண்ணிலும் நேரடி வெயில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துபோகும்.

இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகும் யோசனைகளில் எனக்குப் பிடித்தது, ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் அதே 2000-இல் ஆய்வகத்தில் செய்து காட்டியது. உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே போனால் சுருங்கும் ஒரு ஜெல். அதற்குள் மருந்தும், தங்க முலாம் பூசிய தங்க சல்ஃபைடு நானோ உருண்டைகளும். முலாமின் கனத்தை மாற்றி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்ச வைக்கலாம். ஒளி பட்டால் தங்கம் சூடாகும், ஜெல் சுருங்கும், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி மருந்து வெளியே வரும். அணைத்தால் ஜெல் ஆறி மறுபடி உப்பும். இங்கே மருந்துக்கு ஒளி தெரிய வேண்டியதே இல்லை, பொட்டலத்துக்குத் தெரிந்தால் போதும். புரத மருந்துகூட வைக்கலாம்.

மிச்சமிருப்பது ஆழம். அண்மை அகச்சிவப்பும் சதைக்குள் சில சென்டிமீட்டரிலேயே மங்கிவிடும். கண்ணில் இந்தத் தொல்லை இல்லை, ஒளி உள்ளே போவதற்கென்றே அமைந்த உறுப்பு அது. மற்ற இடங்களுக்கு விளக்கையே உள்ளே கொண்டுபோக வேண்டும். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு எண்டோஸ்கோப் வழியாக ஒளியிழையை இறக்கி 630 நானோமீட்டர் ஒளி பாய்ச்சும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அந்த மருந்துக்கு வெயில் பத்தியம் குறைந்தது 30 நாள்.