கிராமச் சாலைக்கு உதவும் பிளாஸ்டிக் கழிவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் விவசாயம் கண்மாய்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீர் ஓடை வழியே கண்மாயை அடைந்து, மடை வழியே வயலுக்குப் பாய்கிறது. அவ்வோடைகளிலும் மடைவாய்களிலும் பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொள்வதால் உண்டாகும் தொல்லையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கு அறிவர். அவற்றை மாடு தின்றால் வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகிறது. தீயிட்டால் நச்சுப் புகை எழுகிறது. இக்கழிவைக் கண்மாய்க்குப் போகவிடாமல் சாலைக்குக் கொண்டு செல்லும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறை தோன்றிய இடம்

இம்முறை நம் அண்டை மாவட்டமான மதுரையில் தோன்றியது. அங்குள்ள தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் இதனைக் கண்டறிந்து, 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சாலை அமைத்துக் காட்டினார். அவ்வாண்டிலேயே சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் இத்தகைய சாலை போடப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவ்வகைச் சாலைகள் சிலவற்றைப் பரிசீலித்து, சில ஆண்டுகள் கழிந்தும் அவை குழிவிழாமல் இருந்ததை 2008-ல் வெளியிட்ட அறிக்கையில் தெரிவித்தது. 2013-ல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கென வழிமுறைகளை வகுத்தது. பேராசிரியருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

செய்முறை

சாதாரணத் தார்ச் சாலை மழைக்காலத்தில் கெடுவதன் காரணம் யாது? ஜல்லிக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்து, தாரைக் கல்லினின்றும் பிரித்துவிடுகிறது. இதனைத் தடுக்கவே பிளாஸ்டிக் உதவுகிறது. தூய்மை செய்து உலர்த்திய பிளாஸ்டிக்கைச் சிறு துணுக்குகளாக வெட்டி, சுமார் 160 டிகிரி சூட்டிலுள்ள ஜல்லியின் மீது தூவுகின்றனர். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய உறைபோல் படிகிறது. அதன் பிறகே தாரைச் சேர்த்துக் கலக்கின்றனர். உறையிட்ட கல்லைத் தார் உறுதியாகப் பற்றிக்கொள்வதால் நீர் உட்புக இடமில்லை. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் பெரிதாகத் தேவையில்லை. வழக்கமான தார்க்கலவை நிலையமே போதும்.

சேர்க்கத்தக்கவையும் விலக்கத்தக்கவையும்

பால் உறைகள், மெல்லிய பைகள், பலசரக்குப் பொட்டலங்களின் உறைகள் ஆகியவை ஏற்றவை. குழாய்கள், மின்கம்பியின் மேலுறை முதலிய பி.வி.சி. பொருள்களை ஒருபோதும் சேர்க்கலாகாது. சூட்டில் அவை அமில வாயுவை வெளிவிடும். தண்ணீர்ப் புட்டிகள் இந்தச் சூட்டில் உருகா. அவற்றைப் பழைய சாமான் வியாபாரியிடம் விற்றுவிடலாம். அலுமினியத் தாள் ஒட்டிய பல அடுக்கு உறைகளைத் தனியே சேர்த்து, சிமெண்டு ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்பும் வழக்கம் உண்டு. பூச்சிமருந்துப் புட்டிகளை விவசாயிகள் இவற்றுடன் கலக்கவே கூடாது.

கணக்கு

3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஏறத்தாழ 10 டன் தார் பிடிக்கும். இம்முறையில் 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் போதும். ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு பஞ்சாயத்தில், வீட்டுக்கு வாரம் 100 கிராம் சேருமானால், பத்தே வாரங்களில் ஒரு டன் கிடைத்துவிடும். ஒரு டன் தாரின் விலை மிச்சமாவதோடு, அவ்வளவு கழிவும் ஓடையை அடையாமல் நிற்கும்.

பஞ்சாயத்தின் கடமை

2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் தரம் பிரித்துச் சேகரிக்கும் பொறுப்பைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைத்துள்ளன. 2020-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், பிளாஸ்டிக் கழிவு நிலையம் அமைக்க வட்டாரம் ஒன்றுக்கு 16 லட்சம் ரூபாய் வரை உதவ வகை செய்யப்பட்டது. ஆயினும் இயந்திரம் மட்டும் காரியத்தைச் சாதித்துவிடாது. சேறும் உணவு மிச்சமும் ஒட்டிய பிளாஸ்டிக் சாலைக்கு உதவாது. ஆதலின் வீட்டிலேயே உறைகளைக் கழுவி உலர்த்தி, தனிச் சாக்கில் போட்டுவைத்து, தூய்மைக் காவலரிடம் ஒப்படைக்கும் பழக்கம் வளரவேண்டும். சாலை மதிப்பீடு தயாராகும்போதே இம்முறையைச் சேர்க்கும்படி பஞ்சாயத்துத் தலைவர்கள் பொறியாளரைக் கேட்கவேண்டும். வேலை நடக்கையில் ஜல்லியின் சூடும் துணுக்குகளின் அளவும் சரிதானா என்று உடனிருந்து கவனிக்கவும் வேண்டும்.

சாலையில் சேரும் என்பதற்காகப் பிளாஸ்டிக்கைத் தாராளமாக உபயோகிக்கலாம் என்று எவரும் எண்ணுதல் தகாது. சாலை தேயும்போது நுண்துகள்கள் மண்ணில் கலக்கக்கூடும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. சந்தைக்குத் துணிப்பை கொண்டு செல்வதே முதற்கடமை. தவிர்க்க இயலாத உறைகளைச் சாலைக்கு அனுப்புவது அடுத்த கடமை. இவ்விரண்டையும் ஊரார் ஒன்றுகூடிச் செய்வார்களாயின், வரும் மழையில் மடை தடையின்றித் திறக்கும். விளைபொருள் ஏற்றிய வண்டியும் குழியில் இறங்காமல் சந்தையைச் சென்றடையும்.