அலங்கார மீன்களின் நிறமும் பிறப்புரிமையும்

கண்ணாடித் தொட்டியிலே செட்டை விரித்து நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு மகிழாதார் மிகச் சிலர். ஆயினும், அம்மீனின் செம்மையும் கருமையும் எவ்வாறு அதன் உடலில் அமைந்தன, தாயும் தந்தையும் அவற்றை எவ்வழியாக மகவுக்கு அளித்தன என்று வினவுவார் அவரினும் சிலரே. அவ்வாறு வினவியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கண்ட உண்மைகள் பல. அவற்றுள் ஒன்று, சிறு மீனொன்றின் முதுகுச் செட்டையிலுள்ள கரும்புள்ளியிலே தொடங்கிப் புற்றுநோய் ஆராய்ச்சி வரையிற் சென்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனின் நிறம் அதன் தோலிலுள்ள நிறந்தாங்கிக் கலங்களால் ஆவது. மனிதன் முதலிய முலையூட்டிகளுக்கு நிறந்தரும் கலம் ஒருவகையே; அது மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்குவது. மீனுக்கோ அத்தகைய கலங்கள் பலவகைப்படும். கருநிறந்தாங்கிகள் மெலனினைக் கொண்டுள்ளன. மஞ்சளும் சிவப்பும் தரும் கலங்களிலே தெரிடின்களும் கரற்றினோயிட்டுக்களும் உள்ளன. வேறு சில கலங்கள் நிறப்பொருள் எதனையும் கொள்ளாது, குவானீன் என்னும் பொருளின் நுண்பளிங்குகளை அடுக்கி வைத்து ஒளியைத் தெறிக்கச் செய்கின்றன. பெரும்பாலான மீன்களிற் காணும் நீலம் இவ்வாறு ஒளியின் விளையாட்டால் விளைவதேயன்றி நீல நிறப்பொருளால் விளைவதன்று. மந்தாரின் மீன் போன்ற மிகச் சிலவே உண்மையான நீல நிறப்பொருளை உடையன. இக்கலங்கள் யாவும் முளையத்தின் நரம்பு முகட்டிலே தோன்றிப் பின்னர்த் தோலின் பல இடங்களுக்கும் பெயர்ந்து செல்கின்றன. எக்கலம் எத்தொகையாக எவ்விடத்திற் சென்று தங்கும் என்பதைப் பரம்பரையலகுகள் வகுக்கின்றன.

எனினும் எல்லாம் பரம்பரையே என்று எண்ணுதல் கூடாது. கரற்றினோயிட்டுக்களை மீனின் உடல் தானாக ஆக்க வல்லதன்று. உணவிலிருந்தே பெறல் வேண்டும். நல்லினச் செம்மீனும் தகுந்த உணவின்றி வெளிறிப் போதலை மீன் வளர்ப்போர் நன்கறிவர். பரம்பரை கலத்தைத் தருகிறது. அதனை நிரப்புவது உணவு.

நிறம் மரபுவழி வருதலை மிகத் தெளிவாகக் காட்டிய முதல் மீன்களுள் ஒன்று கப்பி. திரினிடாட்டையும் தென்னமெரிக்காவின் வடபகுதியையும் தாயகமாகக் கொண்ட இச்சிறு மீன், இன்று இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள்ளும் முக்கியமானது. இதன் ஆண் பல வண்ணமுடையது, பெண்ணோ பொலிவற்றது. கோப்பன்ஹேகனில் ஆராய்ந்த யொகானசு சிமித்து என்பார், ஆணின் முதுகுச் செட்டையிலுள்ள கரும்புள்ளி தந்தையிடமிருந்து மைந்தருக்கே செல்கிறது, புதல்வியர் வழியாகச் செல்வதில்லை என்று 1920 ஆம் ஆண்டிற் காட்டினார். இதனை மேலும் ஆராய்ந்த ஒய்விந்து விங்கே, அப்புள்ளிக்குரிய அலகு ஆணுக்கே உரிய 'வை' நிறமூர்த்தத்தில் உள்ளதென 1922 இல் விளக்கினார். எக்ஸ் நிறமூர்த்தத்திலும் நிற அலகுகள் சில உள. பெண் அவற்றைச் சுமந்தும் வெளிக்காட்டுவதில்லை. ஆண் ஓமோனை ஊட்டினால் மறைந்திருந்த வண்ணம் அவள் உடலிலும் தோன்றும். ஓரலகு இருத்தல் வேறு, அது வெளிப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி அடுத்து வருவது விளங்காது.

மெக்சிக்கோவின் அத்திலாந்திக் கரைப்பக்க ஆறுகளிலே பிளாற்றி எனவும் வாள்வால் எனவும் இரு மீனினங்கள் வாழ்கின்றன. பிளாற்றி குறுகித் தடித்தது; வாள்வால் நீண்டது; அதன் ஆணின் வாற்செட்டையின் கீழ்ப்புறம் வாள்போல் நீண்டிருக்கும். பிளாற்றிகள் சிலவற்றின் முதுகுச் செட்டையிலே கரும்புள்ளிகள் உள. அவை சாதாரண கருநிறந்தாங்கிகளினும் பன்மடங்கு பெரிய கலங்களால் ஆனவை. இவ்விரு மீன்களும் ஒரே ஆற்றில் வாழ்ந்தும் தம்முட் கலப்பதில்லை. தொட்டியில் அடைத்தாலோ கலந்து, இனப்பெருக்கஞ் செய்யவல்ல மகவுகளை ஈனும். புதுப்புது வண்ணங்களை விரும்பிய வளர்ப்போர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவற்றைக் கலக்கலாயினர்.

கலப்பின மகவுகளிலே பிளாற்றியின் கரும்புள்ளி பெருத்து, செட்டை முழுவதும் கருமை படர்ந்தது. வளர்ப்போர் மகிழ்ந்தனர். அக்கலப்பினத்தை மீண்டும் வாள்வாலுடன் கலந்தபோதோ நிலைமை வேறாயிற்று. சில மகவுகளிலே கருமை செட்டையைக் கடந்து தசையினுள் ஊடுருவி, கட்டியாகி, மீனைக் கொன்றது. யேர்மனியில் ஹொய்சிலர், கொசுவிக்கு என்பாரும், ஐக்கிய அமெரிக்காவில் மைரன் கோர்டன் என்பாரும் 1920களின் பிற்பகுதியில் இதனை ஆராயத் தொடங்கினர். அக்கட்டி மனிதருக்கு வரும் மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றினை ஒத்தது என்பது தெளிவாயிற்று.

மென்டலின் கணக்கு இங்கே அழகாகப் பொருந்துகிறது. மீண்டும் வாள்வாலுடன் கலந்து பெற்ற மகவுகளுள் ஏறத்தாழ அரைப்பங்குக்குக் கரும்புள்ளியே இல்லை. காற்பங்குக்குக் கருமை மிகுந்திருப்பினும் உயிருக்குக் கேடில்லை. எஞ்சிய காற்பங்கே கொடிய கட்டியுற்று மடிகின்றது. ஓரலகால் மட்டும் இது நிகழுமாயின் புள்ளியுடையன யாவும் ஒருதன்மையாக இருத்தல் வேண்டும். எனவே இரண்டு அலகுகள் தொழிற்படுகின்றன என்று கொள்ளல் தகும். ஒன்று கட்டியைத் தூண்டுவது. அது பிளாற்றியின் இலிங்க நிறமூர்த்தத்தில், புள்ளியை வகுக்கும் அலகுக்கு மிக அருகே உள்ளது. மற்றையது அதனை அடக்குவது. அதுவும் பிளாற்றியினுடையதே, ஆயினும் வேறொரு நிறமூர்த்தத்தில் உள்ளது. தூய பிளாற்றியிலே தூண்டலும் அடக்கலும் ஒருங்கே இருத்தலால் புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. கலப்பினத்தை வாள்வாலுடன் மீட்டும் கலக்கும்போது இரண்டும் பிரிகின்றன. காவலனை இழந்து தூண்டியை மட்டும் பெற்ற மீனே நோயுறுகிறது.

தூண்டும் அலகு யாது என்பது 1989 இல் வெளியாயிற்று. எக்ஸ்மார்க்கு எனப் பெயர் பெற்ற அது, கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு வாங்கிப் புரதத்தை ஆக்குவது. 'வளர்க, பிரிக' என்னும் செய்தியை வெளியிலிருந்து பெற்று உள்ளே அனுப்புவது அத்தகைய வாங்கியின் தொழில். மனிதர் உட்பட முதுகெலும்பிகள் பலவற்றிலும் இதன் மூல அலகு உண்டு. பிளாற்றியின் முன்னோரிலே அம்மூல அலகு இரட்டித்து, இரண்டாம் பிரதி விகாரமுற்றது. விகாரமுற்ற வாங்கியோ செய்தி வாராதபோதும் வந்ததுபோல் ஓயாது ஏவிக்கொண்டிருப்பது. அடக்கும் அலகு அதன் உற்பத்தியைக் குறைத்து வைக்கின்றது. வாள்வால் அவ்விரண்டாம் பிரதியை உடையதன்று. ஆதலால் அதற்குக் காவலனும் வேண்டப்படவில்லை. மனிதரின் மெலனோமாக்கள் பலவற்றிலே விகாரமுறும் பிராவ் என்னும் அலகு, இவ்வாங்கி ஏவும் அதே செய்திப் பாதையிலே அமைந்தது. தொட்டி மீனை மருத்துவ ஆய்வாளர் விடாது பேணுவதன் காரணம் இதுவே. கோர்டன் 1939 இல் யமாப்பா ஆற்றிலிருந்து பெற்ற பிளாற்றிகளின் வழிவந்த இனம் இன்றும் தெக்சாசு மாநிலத்திலே பேணப்பட்டு வருகிறது. பிளாற்றியின் முழுப் பரம்பரைத் தொகுதி 2013 இல் வெளியிடப்பட்டபோது வாசிக்கப்பட்டது அவ்வினமே.

நிற்க, இவ்வாராய்ச்சியைத் தவறாகப் பொருள்கொள்வதற்கும் இடமுண்டு. கலப்பால் நோய் வருமெனின் மனிதர் இனங்களின் கலப்பும் தீதன்றோ என்று வாதிப்பாரும் இருக்கலாம். இம்மீன்கள் ஆராயப்பட்ட யேர்மனியிலேயே 1935 ஆம் ஆண்டுச் சட்டங்கள் யூதருக்கும் பிறருக்கும் இடையே திருமணத்தைக் குற்றமாக்கின. கொசுவிக்கு 1937 இல் அந்நாட்டைவிட்டு இசுத்தான்புல் சென்று அங்குள்ள பல்கலைக்கழகத்திலே பணியாற்றினார். அவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது. பிளாற்றியும் வாள்வாலும் பன்னெடுங்காலம் தனித்தனியே வளர்ந்த இரு வேறு இனங்கள். ஒன்றில் உள்ள தூண்டியும் காவலனும் மற்றதில் இல்லை. மனிதர் அனைவரும் ஓரினம். வெள்ளையருக்கும் கரியருக்கும் நிறந்தாங்கிக் கலம் ஒன்றே. வேறுபடுவது அது ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே. மீனின் தொட்டியிலே சாதிக்கும் நிறத்துக்கும் சான்று தேடுவோர் ஏமாறுவர்.

கலப்பினக் கட்டி தொட்டிக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மெக்சிக்கோவின் ஹிடால்கோ மாநில ஆறுகளிலே பேர்ச்மன் வாள்வால், மலின்சே வாள்வால் என்னும் வேறிரு மீனினங்கள் இயற்கையாகவே கலக்கின்றன. அக்கலப்பினங்களுட் சில வாலடியிலே மெலனோமா உற்றிருந்தன. அங்கும் எக்ஸ்மார்க்கே ஒரு பங்காளி என்பதும், மற்றைய பங்காளி வேறோர் அலகு என்பதும் 2020 இல் வெளியிடப்பட்டன.

நம் வீட்டுத் தொட்டியிலுள்ள வாள்வால்கள் பெரும்பாலும் தூய இனத்தன அல்ல. காட்டு வாள்வால் பச்சை சாயலுடையது. நாம் விரும்பும் செந்நிற வாள்வால் பிளாற்றியுடன் கலந்து பெற்றது. ஆகவே கரும்புள்ளியுடைய மீனை வளர்ப்போர் விழிப்புடன் இருத்தல் நன்று. புள்ளி மேடாகித் தடித்து வருமாயின், அம்மீனை வாள்வாலுடன் மேலும் கலத்தல் ஆகாது. அதனைத் தூய பிளாற்றியுடன் கலந்தால் அடக்கும் அலகு மகவுகளுக்கு மீண்டும் கிடைக்கும். கருமை செட்டையிலே சிறு புள்ளியளவாகச் சுருங்கும்.