தூளா, ஊசியா? எக்ஸ்ரே படத்தின் தெளிவு எங்கே பிறக்கிறது

டிஜிட்டல் எக்ஸ்ரேயில் சில நொடிகளில் படம் திரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கருவிக்குள் இருக்கும் மெல்லிய சிலிக்கான் எக்ஸ்ரேயை அவ்வளவாகப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் அதன்மேல், எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் ஒரு படலம் இருக்கிறது. அதுதான் சிண்டிலேட்டர். அது என்ன பொருள் என்பது பாதிக் கதைதான். துகளின் அளவும் வடிவமும் மீதி.

கடோலினியம் ஆக்ஸிசல்பைடு தூளைப் பசையில் குழைத்துப் பூசிய படலத்தை எடுத்துக்கொள்வோம். சில மைக்ரான் பருமனுள்ள ஒரு மணியில் பிறக்கும் ஒளி, பக்கத்து மணிகளில் மோதி மோதித்தான் வெளியே வரும். வருவதற்குள் பக்கவாட்டில் பரவிவிடும். படலம் தடித்தால் எக்ஸ்ரே நிறையச் சிக்கும், நோயாளிக்குக் கதிர் குறையும், ஆனால் படம் மங்கும். மணியைப் பொடித்தால் பரவல் குறைந்து விளிம்புகள் கூர்மையாகும். ஒளியோ உள்ளேயே வீணாகும். ஃபிலிம் காலத்திலேயே ஃபிலிமோடு ஒட்டிய ஒளிரும் திரையில் வேகத்துக்கு ஒன்று, நுணுக்கத்துக்கு வேறொன்று என்று வைத்திருந்தது இதனால்தான்.

இந்த இழுபறியைப் பெருமளவு தீர்த்தது வடிவம். தாலியம் கலந்த சீசியம் அயோடைடை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிட்டால், நெருக்கி நட்ட நாற்றுபோல் ஊசி ஊசியாக வளர்கிறது. ஒவ்வொன்றும் சில மைக்ரான் பருமன், அரை மில்லிமீட்டர் வரை உயரம். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.8, இடையில் காற்றுதான். எனவே ஒளியில் பெரும்பகுதி முழு அக எதிரொளிப்பால் ஊசிக்குள்ளேயே கீழிறங்குகிறது. கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனாலும் தடிமனும் தெளிவும் ஒன்றாகக் கிடைப்பது சிறிய விஷயமல்ல.

எக்ஸ்ரேக்குப் பதில் நியூட்ரானைப் பிடிக்க, லித்தியம் ஃபுளோரைடும் ஒளிரும் துத்தநாக சல்பைடும் கலந்து செய்யும் படலத்தில் மணியின் அளவுக்குக் கணக்கே வேறு. லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கி, ஆல்பா துகளையும் டிரைட்டானையும் உமிழ்கிறது. ஆல்பா சில மைக்ரானுக்கு மேல் ஓடாது. லித்தியம் ஃபுளோரைடு மணி பெரிதாக இருந்தால், பக்கத்திலுள்ள துத்தநாக சல்பைடை எட்டி ஒளிரச் செய்யும் முன்பே அது அடங்கிவிடும்.

இப்போது நானோ துகள்மீது மோகம். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை ஒளியை அதிகம் சிதறடிக்காததால், பிளாஸ்டிக்கில் கலந்தாலும் ஊடுருவித் தெரியும். ஆனால் துகள் சிறுத்தால் மேற்பரப்பின் பங்கு கூடும். அங்குள்ள குறைகள் ஒளியைத் தின்னும். கதிரைத் தடுக்கும் அளவுக்கு நிறையச் சேர்த்தால் திரண்டு கலங்கவும் செய்யும். ‘நானோ’ என்ற ஒரு சொல்லுக்காக விலை கொடுக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரே கருவி வாங்கும் மருத்துவமனைகள் பிக்சல் எண்ணிக்கையோடு நிற்காமல், படலம் தூளா ஊசியா, எத்தனை மைக்ரான் தடிமன் என்றும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டும்.