பிடிகாரர்களுக்கு ஒரு வாத்தியார்

குண்டடம் பக்கம் திருவிழாக் கபடியில் மைக்கில் பெயர் முழங்குவது ரைடருக்குத்தான். மூலையில் குனிந்து நிற்கும் கார்னர்காரருக்கு "நல்ல பிடிங்க" என்பதோடு சரி. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து ஆடும் பையன்களும் பாடிப்போகவே ஆசைப்படுகிறார்கள். யாருக்குத்தான் காலைப் பிடிக்கப் பிடிக்கும்?

தர்மராஜ் சேரலாதனுக்குப் பிடித்தது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975இல் பிறந்தவர். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே வயது 39. 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை 38-29 என வீழ்த்தி உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2018இல் யு மும்பாவுக்கு இடது கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராசலி, வலது கார்னரில் இவர். 46 வயதிலும் ஜெய்ப்பூருக்கு ஆடினார்.

ஓடுகிற கால் அந்த வயதில் தளர்ந்துவிடும். பிடிகாரருக்கு வேண்டியது வேறு: பொறுமை. ரைடருக்கு இருப்பது 30 விநாடி. கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் அவர் கையைத் தட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டிவிடுவார், புள்ளி போயிற்று. கணுக்கால் சிக்கிய அதே கணத்தில், உள்பக்கம் நிற்கும் கவர்காரர் வந்து இடிக்க வேண்டும்; அரை நொடி பிந்தினாலும் பிடி வழுக்கிவிடும். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. தோற்கிற ஆட்டம் பல நேரம் அங்கேதான் திரும்பும்.

இதையெல்லாம் சொல்லித்தரத் தனி ஆள் வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டத்துக்கென்றே தனிப் பயிற்சியாளர் உண்டு. ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ அந்தப் பொறுப்பில் நான்கு சூப்பர் பவுல் வென்றவர். இடையில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். மூன்று ஆண்டுகளில் 48 ஆட்டங்களில் 10 வெற்றிதான். தடுப்பைச் சொல்லித்தருவது தனி வித்தை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2024இல் தமிழ் தலைவாஸ் அணி, தலைமைப் பயிற்சியாளர் உதயகுமாரோடு சேரலாதனை வியூகப் பயிற்சியாளராக வைத்தது. பிளே-ஆஃப் கிட்டவில்லை. அதற்காக ஏற்பாடு தப்பாகிவிடாது. கார்னரும் கவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சேர்ந்து பாயப் பழக ஒரு சீசன் போதாது.

நம் ஊர்க் குழுக்களில் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வைக்க வழியில்லை. ஆனால் முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட பழைய பிடிகாரர் ஊருக்கு ஊர் உண்டு. போட்டியன்று நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி உட்காரவைக்கிறோமே, அவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வரச்சொன்னால் என்ன?